மீட்டர் காட்டுவதெல்லாம் எச் மைனஸ் அல்ல

போன ஆனியில் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகர்கோவில் பார்வதிபுரத்தில் என் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறவர்கள். கல்லூரியில் சும்மா கிடந்த ஒரு டர்போ வெற்றிட பம்பையும் ஒரு 10 கிலோவோல்ட் மின்வழங்கியையும் வைத்து ஹைட்ரஜன் எதிர்மின் அயனி மூலம் ஒன்று, அதாவது அந்த அயனிகளைப் பிறப்பித்துக் கற்றையாக வெளியே விடும் கருவி ஒன்று, செய்ய வேண்டுமாம். "ஏன் மக்களே, புரோட்டான் போதாதா? அது பத்து மடங்கு சுலபம்" என்றேன். "சுலபமானதை யூடியூபிலேயே பார்த்துட்டோம் சார்" என்றாள் ஒருத்தி. அந்தப் பதிலுக்காகவே சரி என்றேன்.

நான் முப்பத்தோரு வருடம் வடக்கே ஒரு துகள் முடுக்கி ஆய்வுக்கூடத்தில் அயனி மூலங்களோடு மல்லுக்கட்டியவன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு வெற்றிட பம்புச் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து அந்த மூலத்தைக் கட்டி ஓடவைக்க எட்டு மாதம் ஆனது. அடுத்து யாராவது இதில் இறங்கினால் நாங்கள் விழுந்த குழிகளில் அவர்கள் விழ வேண்டாம் என்று எழுதுகிறேன். பெரிய முடுக்கிகளில் இருப்பது இதன் மூத்த அண்ணன்தான். அளவு மாறும், வரிசை மாறாது.

முதலில், எதற்கு இந்த அயனி? ஹைட்ரஜன் அணுவில் ஒரு எலக்ட்ரான். அதன்மேல் இன்னொன்றை ஒட்டவைத்தால் எச் மைனஸ். முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். இரண்டாவதைப் பிடுங்க 0.754 போதும். பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செய்வது கஷ்டமாக இருப்பதற்கும், செய்தபின் பயன்படுவதற்கும் அந்த 0.754 ஒன்றே காரணம்.

ஒரு வளைய முடுக்கியில் ஏற்கெனவே புரோட்டான்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று வையுங்கள். அதே பாதையில் புதிய புரோட்டான்களை நுழைக்க ஒரு காந்தம் போட்டால், அது உள்ளே இருப்பவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடும். எச் மைனஸ் எதிர் மின்னூட்டம் கொண்டது என்பதால் அதே காந்தத்தில் மறுபக்கம் வளைந்து வந்து சேரும். சேர்ந்த இடத்தில் மெல்லிய கார்பன் தகடு ஒன்று. அதைக் கடக்கையில் இரண்டு எலக்ட்ரான்களும் உரிந்துபோய் அது புரோட்டானாகிவிடும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜின் நியூட்ரான் மூலத்தில் இப்படி ஆயிரம் சுற்றுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இங்கிலாந்தின் ஐசிஸ், ஜப்பானின் ஜே-பார்க் என்ற முடுக்கிக் கூடங்கள் இரண்டிலும் இதே வழிதான். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 50 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் தந்துகொண்டிருந்த லினாக்2 என்ற நேர்கோட்டு முடுக்கிக்கு ஓய்வு கொடுத்து, 160 மெகா எலக்ட்ரான்வோல்ட் எச் மைனஸ் தரும் லினாக்4-ஐ 2020-இல் இணைத்தார்கள். நம் நாட்டில் இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் இதற்கான மூலங்களைச் செய்கிறார்கள். கொல்கத்தாவில் மருத்துவ ஐசோடோப்பு செய்யும் 30 மெகா எலக்ட்ரான்வோல்ட் சைக்ளோட்ரானும் எச் மைனஸைத்தான் முடுக்குகிறது. தகட்டில் உரித்து வெளியே எடுப்பது அங்கே வசதி.

நம் மாவட்டத்தில் முடுக்கி என்றால் உடனே யாராவது மணவாளக்குறிச்சி மணலைப் பற்றிக் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. 1909-இல் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம் இருக்கிறது. முடுக்கியின் புரோட்டானைக் கனமான உலோகத்தில் மோதவிட்டு, அதில் வரும் நியூட்ரானால் தோரியத்தை எரிபொருளாக்கலாம் என்ற யோசனையும் உண்டு. ஆனால் அதற்கு நேரான புரோட்டான் கற்றையே போதும். வளையத்தில் சேர்த்து அடுக்க வேண்டிய இடத்தில்தான் எச் மைனஸ் தேவை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எப்படிப் பிறக்கிறது

இரண்டு வழி. ஒன்று, வாயுவின் நடுவிலேயே பிறப்பது. வேகமான எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் மூலக்கூறை மோதி அதிரவைக்கும். அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடம் மெதுவான எலக்ட்ரான் ஒன்று வந்தால் மூலக்கூறு உடைந்து ஒரு பாதி எச் மைனஸாகும். 1977-இல் பிரான்சில் மார்த்தே பகால் குழுவினர் யாரும் எதிர்பார்க்காத அளவு எச் மைனஸை இப்படி அளந்து காட்டினார்கள். மற்றது, உலோகப் பரப்பில் பிறப்பது. அதற்குச் சீசியம் என்ற உலோகம் வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வழியில் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். அதிரவைக்க வேகமான எலக்ட்ரான் வேண்டும், ஒட்டவைக்க மெதுவானது வேண்டும். வேகமானது எச் மைனஸ் பிறந்த இடத்துக்கு வந்தால் அந்த 0.754-ஐத் தட்டிப் பறித்துவிடும். ஆகவே ஒரே பாத்திரத்தில் இரண்டு அறை வேண்டும், நடுவில் சுவர் இருக்கக் கூடாது. சுவருக்குப் பதில் குறுக்கே ஒரு காந்தப்புலம், சில பத்து காஸ் (காந்தப்புலத்தின் அலகு) போதும். வேகமான எலக்ட்ரான் அதில் சிக்கி நிற்கும்; மெதுவானவை மோதி மோதி நழுவி வந்துவிடும். இதற்கு வடிகட்டிக் காந்தம் என்று பேர். சாயாவடி மாதிரிதான்: இலை அந்தப் பக்கம், சாயா இந்தப் பக்கம்.

பாத்திரம்

எங்கள் பிளாஸ்மா அறை, அதாவது வாயு அயனிகளும் எலக்ட்ரான்களுமாக உடைந்து எரியும் இடம், 10 செ.மீ. விட்டமுள்ள செம்பு உருளை. சுற்றி நீளவாட்டில் நிரந்தரக் காந்தங்கள், வடக்கு தெற்கு என்று மாறிமாறி. பிளாஸ்மா சுவரைத் தொடாமல் நடுவிலேயே நிற்க இந்த வேலி. உள்ளே 1 மி.மீ. டங்ஸ்டன் கம்பியை ஹேர்பின் போல வளைத்து மாட்டினோம்; இழை என்று சொல்வது இதைத்தான். வெளுக்கச் சூடாக அது கிட்டத்தட்ட 50 ஆம்பியர் கேட்கும். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 80 வோல்ட் கொடுத்தால் வாயு வழியே 10 ஆம்பியர் ஓடும், அதுதான் ஆர்க். 800 வாட் முழுக்க அந்தச் சின்னச் செம்புக்குள் இறங்குகிறது, அதனால் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூடக் கூடாது.

காந்தங்களை மாட்டும் முன் ஒவ்வொன்றின் வடமுனையிலும் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். திசைகாட்டியில் பார்த்துத்தான் வைக்க வேண்டும், கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி அல்ல. எங்கள் வடிகட்டியில் ஒரு காந்தம் தலைகீழாகப் போய்விட்டது. பிளாஸ்மா எரிந்தது, அழகான இளஞ்சிவப்பாகவே எரிந்தது; ஆனால் எலக்ட்ரான் மின்னோட்டம் கட்டுக்கு அடங்காமல் ஓடியது. காரணம் தெரிய நாலு நாள்.

முன்பக்கம் பிளாஸ்மா மின்முனை, நடுவில் 4 மி.மீ. துளை. கோணத்தில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாரே, இவ்வளவு பெரிய சாமானுக்கு இந்தத் துளைதான் வாசலா? பேனா மூடிகூட நுழையாதே." அதேதான் வாசல். அதன் விளிம்பில் பிசிறு இருந்தால் அங்கேதான் பொறி பறக்கும். விளிம்பை 45 பாகையில் சரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, இரண்டு தடவை திருப்பி அனுப்பி வாங்கினோம். மூன்றாம் தடவை அவரே லென்ஸ் வாங்கி வைத்துவிட்டார்.

அதற்கு அடுத்து 4 மி.மீ. தள்ளி இழுக்கும் மின்முனை. நாங்கள் புல்லர் என்றே சொல்வோம். மூலத்தைவிட இது 2 கிலோவோல்ட் நேர்மின். பிறகு பூமியோடு கட்டிய தரை மின்முனை. எதிர்மின் அயனி வெளியே வர வேண்டும் என்பதால் மூலம் முழுக்க மைனஸ் 10 கிலோவோல்ட்டில் மிதக்கிறது. இழை மின்வழங்கி, ஆர்க் மின்வழங்கி, எரிவாயு வால்வு எல்லாமே அதே மின்னழுத்தத்தில் நிற்கும் ஒரு மேடைமேல். கரண்ட் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, கட்டளை ஒளியிழை வழியாக. மேடையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. கதவைத் திறந்தால் எல்லாம் அணைய வேண்டும். இதில் கஞ்சத்தனம் காட்டுகிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். 10 கிலோவோல்ட்டிலேயே எக்ஸ்-கதிர் பிறக்கும், அதைவிட மேலே போகிறீர்கள் என்றால் அது சும்மா பேசும் சங்கதி அல்ல. எதுவானாலும் தொடங்கும் முன் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி பார்க்க வேண்டும், தேவையான அனுமதியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் வாங்க வேண்டும்.

ஹைட்ரஜன் உருளை கட்டடத்துக்கு வெளியே. மூலத்துக்குத் தேவை நிமிடத்துக்குச் சில கன செ.மீ.தான். ஆனாலும் ரோட்டரி பம்பின் புகைவாயை ஜன்னலுக்கு வெளியே குழாய் போட்டுக் கொண்டுபோய்விடுங்கள். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் அது பற்றும்.

கேட்டதும் வந்ததும்

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமானது. மற்றதை எங்கேயும் படிக்கலாம்.

எதிர்மின் அயனியை இழுக்க நேர்மின் முனை வைக்கிறோம். எலக்ட்ரானும் எதிர்மின்தானே, அதுவும் வரும். அயனி ஒன்று வந்தால் எலக்ட்ரான் இருபது முப்பது வரும். நாம் அழைத்தது ஒரு விருந்தாளியை, பந்தியில் உட்கார்வது ஊர் முழுக்க. பெரிய ஆட்களுக்கும் இதுதான் தலைவலி. லினாக்4-க்குச் செர்னில் முதலில் செய்த மூலத்தில், 45 கிலோவோல்ட்டில் வந்த எலக்ட்ரான்களின் சூட்டை அவற்றை வாங்கும் தொட்டி தாங்கவில்லை. வடிவமைப்பையே மாற்ற வேண்டி வந்தது.

எங்கள் வழி: எலக்ட்ரான்களை அவை இளைத்திருக்கும்போதே பிடித்துவிடுவது. புல்லர் மின்முனைக்குள் ஒரு ஜோடிச் சின்னக் காந்தம், 200 காஸ். 2 கிலோவோல்ட்டில் வரும் எலக்ட்ரான் அதில் ஏழரை மில்லிமீட்டர் ஆரத்தில் சுருண்டு சுவரில் விழும். அதே 2 கிலோவோல்ட்டில் வரும் எச் மைனஸுக்கு ஆரம் 32 செ.மீ. எலக்ட்ரானைவிட 1838 மடங்கு கனமல்லவா? லேசாகச் சாயும், அவ்வளவுதான். அந்தச் சாய்வைச் சரிக்கட்ட எதிர்த்திசையில் இன்னொரு ஜோடி. 15 மில்லி ஆம்பியர் எலக்ட்ரான் 2 கிலோவோல்ட்டில் விழுந்தால் 30 வாட். அதையே 10 கிலோவோல்ட் வரை வரவிட்டுப் பிடித்தால் 150 வாட். எது மலிவு என்று பாருங்கள்.

இப்போது என் மானம் போன கதை. 1993. வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான். எங்கள் மூலத்துக்கு முன்னால் கற்றையை வாங்கி அதன் மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கோப்பை 22 மில்லி ஆம்பியர் காட்டியது. அதற்கு முன் நாங்கள் 2-ஐத் தாண்டியதில்லை. லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன், மேலதிகாரிக்குப் போன் பண்ணியாகிவிட்டது. ஒரு மூத்த டெக்னீஷியன் லட்டைத் தின்றுகொண்டே வந்து, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கண்ணாடிக் குழாயின் பக்கத்தில் பிடித்தார். முள் சரசரவென்று இறங்கி ஒன்றேமுக்காலில் நின்றது. மீதி எல்லாம் எலக்ட்ரான். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு லட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் அப்பா கோட்டாறு சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடை சாத்தும் முன் பேரேட்டை விரிப்பார். எட்டணா இடித்தாலும் வீட்டுக்கு வர மாட்டார். லட்டு விவகாரத்துக்குப் பிறகு நானும் அப்படியாகிவிட்டேன். பிள்ளைகளிடமும் முதலில் வாங்கச் சொன்னது மீட்டர் அல்ல, நீளவாட்டு நோட்டு ஒன்று.

கணக்கு இப்படி. புல்லர் மின்வழங்கி தரும் மின்னோட்டம் என்பது புல்லரில் விழுந்தது, அநேகமாக முழுக்க எலக்ட்ரான். மேடை மின்வழங்கி தருவது மேடையைவிட்டுத் தப்பிப் பூமிக்குப் போய்ச் சேர்ந்தது. அது கோப்பையில் விழுந்ததும் தரை மின்முனையில் விழுந்ததும் சேர்ந்த தொகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயோ இடிக்கிறது. இடிப்பது தீரும்வரை கோப்பை காட்டும் எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது.

ஐப்பசி மழையில் முதல் இடிப்பு வந்தது. பிளாஸ்மாவே இல்லை, இழை குளிர்ந்து கிடக்கிறது. 10 கிலோவோல்ட் ஏற்றினால் மேடை மீட்டர் 0.28 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. கடற்காற்று, உப்பு, ஈரம் என்று இன்சுலேட்டர்களைத் துடைத்தோம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு இரண்டு தடவை. நம் ஊரில் அது எப்படியும் வாரம் ஒருமுறை செய்ய வேண்டியதுதான், ஜன்னலையும் சாத்தியே வைக்க வேண்டும். ஆனால் முள் அசையவில்லை. கடைசியில் பார்த்தால் குளிர்விக்கும் தண்ணீர். அயனி நீக்கும் ரெசின் தீர்ந்துபோய்க் கடத்துதிறன் 10 மைக்ரோசீமென்ஸுக்கு ஏறியிருந்தது. மேடைக்குப் போகும் இரண்டு மீட்டர் நைலான் குழாய், வரும் குழாய், இரண்டும் சேர்ந்து 35 மெகாஓம் மின்தடையாக உட்கார்ந்திருந்தன. ரெசின் மாற்றியதும் கசிவு 0.04. ஆக, தினமும் காலையில் முதல் வரவு பிளாஸ்மா இல்லாத கசிவு. அதைக் கழித்துத்தான் மற்றது.

ஏற்றும் வரிசை

வெற்றிடம் முதலில். கையுறை இல்லாமல் உள்பாகம் எதையும் தொடாதீர்கள். ஒரு விரல்ரேகை ஒரு வாரத்துக்கு வாயு விடும். ஹீலியம் விட்டுக் கசிவு பார்த்து, எரிவாயு இல்லாமல் 10 அடுக்கு மைனஸ் 4 பாஸ்கலுக்குக் கீழே போகும்வரை அடுத்த படிக்கு ஏறாதீர்கள். எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது, ஒரு ஓ-ரிங்கில் ஒட்டியிருந்த ஒற்றை முடியால்.

அடுத்தது பிளாஸ்மா இல்லாமலேயே மின்னழுத்தம் பழக்குவது. 500 வோல்ட் ஏற்றி, பொறி அடங்கும்வரை இருந்து, மறுபடி 500. பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், பரப்பில் உள்ள பிசிறை அது தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் ஒரே அழுத்தத்தில் ஓயாமல் பறந்தால் ஏதோ தப்பு. இறக்கிவிட்டுத் திறந்து பாருங்கள்.

இழையை அரைநாள் எடுத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். 5 ஆம்பியர் ஏற்றினால் கேஜ் துள்ளும், அது இறங்கும்வரை காத்திருங்கள். பிறகு ஹைட்ரஜன். ஆர்க் பற்ற 2 பாஸ்கல் வரை ஏற்றி, பற்றியதும் 1-க்குக் கீழே இறக்குங்கள். நிறம் பாருங்கள்: சுத்தமான ஹைட்ரஜன் ரோஜாச் சிவப்பு, 656 நானோமீட்டர் கோட்டின் வேலை. நீலமோ வெள்ளையோ கலந்தால் உள்ளே தண்ணீரோ காற்றோ இன்னும் போகவில்லை. இரண்டு மூன்று நாள் வெறும் பிளாஸ்மாவையே எரியவிட்டால் சுவர் தானே சுத்தமாகும். பிள்ளைகளுக்கு இந்த நாட்கள்தான் ரொம்பப் போரடித்தன. ஒருத்தன் மார்த்தாண்டத்திலிருந்து வரும்போது மட்டிப்பழம் ஒரு குலை கொண்டுவந்துவிடுவான், அதைத் தின்றுகொண்டே நோட்டு எழுதினோம்.

பிறகு புல்லர், 200 வோல்ட் 200 வோல்ட்டாக. கண் புல்லர் மீட்டரிலேயே இருக்கட்டும். 2 கிலோவோல்ட் வந்து நிலைத்தபின் மேடை. இந்த வரிசையைத் திருப்பாதீர்கள்: எலக்ட்ரானை வாங்கும் புல்லர் தயாராகும் முன் மேடை ஏறினால் அத்தனை எலக்ட்ரானும் முழுச் சூட்டோடு தரை மின்முனையில் இறங்கும்.

இனி ஒரு நேரத்தில் ஒரே குமிழ். பிளாஸ்மா மின்முனைக்கு அறையைவிடச் சில வோல்ட் நேர்மின் கொடுத்துப் பார்த்தோம். 0 வோல்ட்டில் ஓர் அயனிக்கு 40 எலக்ட்ரான் வந்தது. 2.5 வோல்ட்டில் 25 ஆனது, அயனியும் கூடியது. 5-ஐத் தாண்டினால் இரண்டுமே இறங்கிவிடும். அதே போல வாயு: குறைவாக இருந்தால் பிறக்கவே மூலக்கூறு போதாது, கூடினால் பிறந்தது வெளியே வருமுன் இன்னொரு மூலக்கூற்றில் மோதித் தன் எலக்ட்ரானை இழந்துவிடும். எங்களுக்கு 0.6 பாஸ்கல் பக்கம் உச்சம். ஆர்க்கை ஏற்றினால் எல்லாம் ஏறும் என்று ஒரு ஆசை வரும். இழையும் ஏறும், மேலே.

தை மாதத்துப் பதிவு ஒன்றை அப்படியே தருகிறேன். புல்லர் 11.4. மேடை 0.50, அதில் கசிவு 0.04 போக 0.46. கோப்பை 0.31, தரை மின்முனை 0.12, கூட்டினால் 0.43. எல்லாம் மில்லி ஆம்பியரில். 0.03 இடிக்கிறது. "இதெல்லாம் ஒரு இதா சார், விடுங்க" என்றான் பழக்காரன். விடவில்லை. எதிர்மின் அயனி கோப்பையின் அடியில் மோதும்போது அங்கிருந்து எலக்ட்ரான்கள் தெறிக்கும். அவை வெளியே ஓடினால் கோப்பை குறைவாகக் காட்டும். அதைத் தடுக்க வாயில் வைத்த வளையத்துக்கு மைனஸ் 50 வோல்ட்தான் கொடுத்திருந்தோம். 150 ஆக்கினோம், கோப்பை 0.34. கணக்கு முடிந்தது, அன்று ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீட்டுக்குப் போனோம்.

கணக்கு நேரானாலும் அது எச் மைனஸ்தானா என்று ஒரு சாட்சி வேண்டும். ஹைட்ரஜனை மூடி, ஆர்கான் விட்டு, அதே ஆர்க் மின்னோட்டத்தில் ஓட்டுங்கள். ஆர்கான் எதிர்மின் அயனி தராது; எலக்ட்ரானுக்கு என்ன, எந்த வாயுவிலும் வரும். கோப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ அவ்வளவும் திருட்டு எலக்ட்ரான். எங்களுக்கு 0.01 நின்றது. 1993-இல் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் லட்டுக்காசு மிஞ்சியிருக்கும்.

கரண்ட் போனால்

இது நம் ஊருக்கென்றே எழுத வேண்டியது. கார்த்திகையில் ஒருநாள் மின்தடை வந்து, ஜெனரேட்டர் பிடித்தது. இழையும் ஆர்க்கும் தானாகத் திரும்பி வந்தன. தண்ணீர்ப் பம்பின் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை யாராவது அழுத்தினால்தான் அது ஓடும். அறையில் ஆள் இல்லை, எல்லோரும் சாயா குடிக்கப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது செம்பில் கை வைக்க முடியவில்லை. எங்கள் காந்தங்கள் நியோடிமியம், சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் தன் பலத்தை இழக்கும். பன்னிரண்டில் ஐந்து போயின. சமேரியம் கோபால்ட் என்றால் தாங்கியிருக்கும், விலையும் அப்படி. அதற்குப் பிறகு தண்ணீர் ஓட்டத்தை உணரும் சுவிட்ச் ஒன்றை மாட்டினோம். ஓட்டம் நின்றால் ஆர்க், இழை, உயர் அழுத்தம் மூன்றும் விழும், ஆள் வந்து கையால் எழுப்பினால் ஒழிய எழாது. எரிவாயு வால்வு கரண்ட் இல்லாதபோது மூடிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். இதைச் செய்துவிட்டுத்தான் மூலத்தைக் கட்டத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும்.

சீசியம்

"சார், சீசியம் போட்டா பத்து மடங்கு வருமாமே?" வராமல் என்ன, வரும். 1971-இல் நோவோசிபிர்ஸ்கில் துத்னிகோவ் கொஞ்சம் சீசியத்தைச் சேர்த்துப் பார்த்ததிலிருந்துதான் இந்தத் துறையே நிமிர்ந்தது. மாலிப்டினம் பரப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்க நாலரை எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். மேலே ஓரணு அடுக்குக்கும் குறைவாகச் சீசியம் படிந்தால் இரண்டுக்கும் கீழே இறங்கும். அங்கே மோதித் திரும்பும் ஹைட்ரஜன் ஒரு எலக்ட்ரானை எடுத்துக்கொண்டே திரும்புகிறது. அயனி பல மடங்கு கூடும், கூட வரும் எலக்ட்ரான் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று என்று இறங்கும். ஓக் ரிட்ஜ், செர்ன் போன்ற இடங்களில் பத்துக்கணக்கான மில்லி ஆம்பியர் வருவதும், காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் அறுபது ஆம்பியர் அளவில் திட்டமிடுவதும் இதை நம்பித்தான்.

ஆனால் சீசியம் 28.4 டிகிரியில் உருகும். சித்திரையில் எங்கள் அறையில் குப்பியில் அது பாதரசம் மாதிரித்தான் ஆடும். காற்றுப் பட்டால் பற்றும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிற எங்கள் மேடையில் அதற்கு இடமில்லை. சில பெரிய இடங்களில் சீசியம் குரோமேட்டைச் சின்ன உலோக உறையில் வைத்து, உள்ளே வெற்றிடத்தில் சூடாக்கி விடுவிக்கிறார்கள். அதிகம் போட்டால் இன்சுலேட்டரில் படிந்து பொறி, குறைந்தால் பயன் இல்லை, மின்முனையின் சூட்டைப் பொறுத்து நேற்றைய அளவு இன்று செல்லாது. மேடைக் கசிவையே மாதக்கணக்கில் அடக்க முடியாதவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பது என் கட்சி. பிள்ளைகளுக்கு இதில் வருத்தம்தான்.

ஒப்படைக்கும் முன் 24 மணிநேரம் தொடர்ந்து ஓட்டினோம். மணிக்கொரு பதிவு, முறைபோட்டு ஆள். மொத்தம் ஒன்பது பொறி, கோப்பை 0.34-இல் தொடங்கி 0.31-இல் முடிந்தது. இழை தேய்கிறது என்பது அதிலேயே தெரியும்: அதே வோல்ட்டுக்கு ஆம்பியர் இறங்கிக்கொண்டே வரும். தொடக்கத்தைவிடப் பத்திலொரு பங்கு குறைந்ததும் மாற்றிவிடுங்கள், அறுந்து விழும்வரை ஆசைப்படாதீர்கள். விழுகிற துண்டு துளையில்தான் போய் உட்காரும்.

இழை மாற்றத் திறக்கும்போது: மேடையை இறக்கி, எர்த் கம்பை மேடையில் மாட்டி, அதை அங்கேயே தொங்கவிடுங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்று கம்பை எடுக்காதீர்கள். எரிவாயுவை மூடி ஒரு மணிநேரம் இழை ஆறட்டும். ஈரமில்லாத நைட்ரஜனால் அறையை நிரப்பிய பிறகே ஃபிளான்ஜைக் கழற்றுங்கள், மழைக்காலத்தில் திறந்தபடி பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழைய இழையைத் தூக்கிப் போடாமல், தேதி எழுதிய காகிதத்தில் பொதிந்து நோட்டில் ஒட்டிவையுங்கள். எங்கள் நோட்டில் இப்போது நாலு இருக்கிறது.